அப்பன் பெயர்: அமெரிக்கத் தெற்கில் ஆறு நாள்

முதல் நாள்: அட்லாண்டா – ரிப்ளி – ஆக்ஸ்ஃபோர்டு

விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று நேற்று இரவு முழங்கியவன் என் அக்கா மகன். இன்று காலை எழுப்ப எழுப்ப எழுந்திருக்காதவனும் அவனே. அட்லாண்டாவை விட்டு வெளியேறும்போது மணி ஏழரை. "அலபாமா எல்லையைத் தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும் மாமா, தாமதம் சரியாகிவிடும்" என்று சமாதானம் சொன்னான். கணினிக்காரர்களின் கணக்கு அப்படி.

கல்லூரியில் முப்பது ஆண்டு அமெரிக்க இலக்கியம் நடத்தியவன் நான். வில்லியம் ஃபாக்னர் பாடம் வரும்போதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "ஏன் சார், இந்த மனிதர் எதையும் நேராகச் சொல்லமாட்டாரா?" நேராகச் சொல்ல முடியாத சங்கதி என்று மழுப்புவேன். வெள்ளைக்காரப் பண்ணையார், அவருக்கு ஊரறிய ஒரு குடும்பம், பின்கட்டில் அடிமைப் பெண்ணிடம் பிறந்த இன்னொரு குடும்பம், இரண்டு தலைமுறை கழித்து அது வெளியே வந்து வீட்டையே எரிக்கும். தெற்கத்திக் கதைகளில் பாதிக்கு இதுதான் முடிச்சு. அந்த முடிச்சு விழுந்த ஊர்களை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயணம்.

மிசிசிப்பிக்குள் நுழைந்து, ஃபாக்னர் 1897இல் பிறந்த நியூ ஆல்பனியில் வடக்கே திரும்பினால் ரிப்ளி. சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் இங்கே திரும்புவதில்லை. எழுத்தாளரின் கொள்ளுத்தாத்தா, ஊரார் வாயில் 'கர்னல்', வாழ்ந்ததும் சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்த ஊரில்தான். ரயில் பாதை போட்டவர், நாவல் எழுதியவர், போரில் படை நடத்தியவர். 1889இல் பழைய கூட்டாளி ஒருவர் நடுச்சதுக்கத்தில் வைத்துச் சுட்டார். இடுகாட்டில் உயர்ந்த பீடத்தின் மேல் பளிங்கில் நிற்கிறார். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது.

நான் தேடி வந்தது அவரை அல்ல. அதே இடுகாட்டில், கறுப்பின மக்களைப் புதைத்த பக்கத்தில், 'திருமதி எமெலின் லேசி ஃபாக்னர்' என்று ஒரு கல் உண்டு. கர்னலின் வீட்டில் அடிமையாக இருந்தவர். அவருடைய மகளுக்குத் தகப்பன் கர்னலாகத்தான் இருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் ஜோயல் வில்லியம்சன் 1993இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். பிறப்புச் சான்றிதழா கிடைக்கும்? மக்கள்தொகைக் கணக்கேடு, ஊர் நினைவு, இந்தக் கல். இவற்றை வைத்துத்தான் அவர் கட்டினார்.

முக்கால் மணி நேரம் தேடினோம். எழுத்துகளை வாசித்தபோது எனக்கு உறைத்தது குடும்பப் பெயர்கூட இல்லை, முன்னால் நிற்கும் 'திருமதி'. கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் வாய் தவறிக்கூட 'திருமதி' போட்டு அழைக்காத காலம் அது. எமெலின் இறந்தது 1898. கர்னலின் கொள்ளுப்பேரன் ஃபாக்னருக்கு அப்போது ஒரு வயது. பிற்காலத்தில் அவர் தன் பெயரில் கூடுதலாக ஒரு 'யூ' எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். எமெலின் கல்லிலும் கர்னல் சிலையிலும் அந்த 'யூ' இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர்.

இரவு ஆக்ஸ்ஃபோர்டில் தங்கல். கெளுத்திமீன் வறுவல் நன்றாக இருந்தது. சோறு இல்லை.

இரண்டாம் நாள்: ஆக்ஸ்ஃபோர்டு

ரோவன் ஓக். இரு பக்கமும் தேவதாரு மரம் நிற்கும் பாதையின் முடிவில் வெள்ளைத் தூண் வைத்த வீடு. 1840களில் கட்டியது, 1930இல் ஃபாக்னர் வாங்கும்போது பாழடைந்து கிடந்ததாம். வேலை செய்த அறையின் சுவரில், தான் எழுதிக்கொண்டிருந்த நாவலின் கதைச் சுருக்கத்தைத் திங்கள், செவ்வாய் என்று கிழமை வாரியாகப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். நோபல் பரிசு பெற்றவர் சுவரில் கிறுக்கினால் அருங்காட்சியகம். எங்கள் வீட்டில் நான் கிறுக்கியதற்குக் கிடைத்தது வேறு. மனைவியின் அறையில் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று ஜன்னலில் செருகியிருக்கிறது. கணவருக்கு அந்தச் சாதனம் ஆகாது. 1962இல் அவரை அடக்கம் செய்த மறுநாளே அந்த அம்மையார் வாங்கி மாட்டிவிட்டார் என்று சொல்கிறார்கள். இதையும் குடும்ப ரகசியத்தில் சேர்க்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் கரோலின் பார் என்ற பெண்மணி இருந்த சிறு வீடு. அடிமையாகப் பிறந்து, ஃபாக்னரையும் தம்பிகளையும் தூக்கி வளர்த்து, 1940இல் இறந்தவர். இந்த வீட்டுக் கூடத்திலேயே உடலை வைத்து, ஃபாக்னரே இரங்கல் உரை சொல்லியிருக்கிறார். இரண்டு ஆண்டு கழித்து 'கோ டவுன், மோசஸ்' நூலை அவருக்குப் படையல் செய்தார். அவர் காட்டிய விசுவாசம் கைம்மாறு கணக்குப் பார்க்காதது என்று அந்தப் படையலில் ஒரு வரி. வகுப்பில் பல தடவை வாசித்துக்காட்டிய வரி. இன்று அந்தச் சிறு வீட்டின் முன்னால் நிற்கும்போதுதான் இடித்தது: அந்த நூலின் நடுவயிறே ஒரு கணக்குப் புத்தகம்!

கதை இதுதான். பதினாறு வயதுப் பையன் ஐசக், பண்ணைக் கடையில் தூசி படிந்து கிடக்கும் பழைய பேரேடுகளை இரவில் எடுத்துப் படிக்கிறான். அப்பாவும் சித்தப்பாவும் எழுத்துப் பிழையோடு எழுதி வைத்த வரவு செலவு. யூனிஸ் என்ற அடிமைப் பெண்ணைத் தாத்தா 1807இல் நியூ ஆர்லியன்ஸில் 650 டாலருக்கு வாங்கியிருக்கிறார். 1832 கிறிஸ்துமஸ் அன்று அவள் ஓடையில் மூழ்கி இறந்தாள் என்று ஒரு பதிவு. அடுத்த வரியில் ஒருவர், தானே மூழ்கினாள் என்று திருத்துகிறார். மற்றவர், அடிமை எங்காவது தற்கொலை செய்துகொள்வாளா என்று கீழே எழுதுகிறார். முதலாமவர் மறுபடியும் அதே வரியை எழுதுகிறார்: தானே மூழ்கினாள். அடுத்த கோடையில் யூனிஸின் மகள் பிரசவத்தில் இறக்கிறாள். பிறந்த ஆண் பிள்ளைக்குத் தாத்தா ஆயிரம் டாலர் உயில் எழுதி வைத்திருக்கிறார். ஏன்? பையன் விரல் விட்டுக் கணக்குப் போடுகிறான். யூனிஸின் மகளுக்குத் தகப்பன் தாத்தா. அந்த மகள் பெற்ற பிள்ளைக்குத் தகப்பனும் தாத்தாதான். 'என் மகனே' என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட ஆயிரம் டாலர் அவருக்கு மலிவாகப் பட்டிருக்கிறது.

எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பேரேடு அலமாரியில்தான் இருந்தது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று 1662லேயே வர்ஜீனியாவில் சட்டம் போட்டார்கள். மற்ற இடங்களிலும் அதுவே வழக்கமானது. பிறக்கிற பிள்ளை சொத்துக் கணக்கில் ஏறியே ஆக வேண்டும். அப்பன் பெயருக்கு மட்டும் அந்தக் கணக்கில் பத்தி கிடையாது.

மாலையில் செயின்ட் பீட்டர் இடுகாடு. ஃபாக்னர் கல்லருகே யாரோ விஸ்கி பாட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இங்கே அது வழிபாடு. அதே இடுகாட்டின் வேறொரு பகுதியில் கரோலின் பார். கல்லில் 'மாமி' என்று இருக்கிறது. நம் மாமி இல்லை, வளர்த்த கறுப்பினத் தாதியை வெள்ளையர் கூப்பிடும் சொல். அதன் கீழே, அவருடைய வெள்ளைப் பிள்ளைகள் அவரை வாழ்த்துகிறார்கள் என்று ஒரு வரி. கரோலினுக்குச் சொந்தப் பிள்ளைகளும் உண்டு. கல் அவர்களைப் பற்றிப் பேசவில்லை.

அக்கா மகனிடம் சொன்னேன்: "இந்த ஊரில் வயதான கறுப்பினத்தவரை 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டார்கள். தெரியுமா?"

"நல்லதுதானே மாமா?"

நமக்கு அப்படித்தான் தோன்றும். பஸ் நடத்துநரையே அண்ணே என்கிற ஊர்க்காரர்கள் நாம். இங்கே 'மிஸ்டர்', 'மிஸஸ்' போட மனமில்லாமல், அதைத் தவிர்ப்பதற்காகவே உறவுச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். அதிலும் சில வீடுகளில் அந்த 'ஆன்ட்டி' உண்மையிலேயே அத்தை. அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமேல் நான் மாமா என்றால் முறைக்காதீர்கள்" என்றான்.

மூன்றாம் நாள்: மன்றோவில்

நாள் முழுவதும் கார். தெற்கு அலபாமாவில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அறுவடை முடிந்த பருத்திக்காடு. ஆளுயர உருளைக் கட்டுகள், இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் சுற்றி, யாரோ விட்டுப்போன விளையாட்டுச் சாமான் மாதிரி வரிசையாகக் கிடந்தன. இயந்திரம் தவறவிட்ட காய் ஒன்றைப் பறித்தேன். வெடித்த காயின் ஓட்டு நுனி சுருக்கென்று நகக்கண்ணில் ஏறியது. கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி எடுக்கும் பெண்கள் மாலையில் விரலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. 1860களில் இங்கே போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு நின்றபோது திருநெல்வேலிப் பருத்திக்கு விலை ஏறியது. எங்கள் பக்கத்துப் பழைய காரை வீடுகள் சிலவற்றில் மிசிசிப்பியின் கணக்கும் இருக்கக்கூடும்.

மன்றோவில் நாவலாசிரியை ஹார்ப்பர் லீயின் ஊர். அவர் வளர்ந்த வீடு இல்லை. அந்த இடத்தில் ஐஸ்கிரீம் கடை. இரண்டு வாங்கிச் சாப்பிட்டோம். பழைய நீதிமன்றம் அருங்காட்சியகமாக இருக்கிறது. மாடியில் சுற்றிவர மரக் கைப்பிடி வைத்த உப்பரிகை. கறுப்பின மக்கள் உட்கார வேண்டிய இடம் அதுதான். 1960இல் வந்த அவருடைய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில் சிறுமி ஒருத்தி இப்படிப்பட்ட உப்பரிகையிலிருந்து, கறுப்பினத்தவர் ஒருவருக்காகத் தன் அப்பா வாதாடுவதைப் பார்க்கிறாள். 1950களிலேயே எழுதி 2015இல்தான் அச்சான மற்றொன்றில் அதே மகள், வளர்ந்தவளாக, அதே உப்பரிகையில் ஒளிந்து நின்று, இனக்கலப்பை எதிர்க்கும் கூட்டத்தில் அதே அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். இரண்டாவது நாவல் வந்தபோது உலகமே பொங்கியது, எங்கள் அப்பாவை ஏன் கெடுத்தீர்கள் என்று. கதையாக முதலாவதுதான் தேர்ந்தது. உண்மையாக இரண்டாவது நெருக்கமானது என்பது என் கட்சி.

கீழே அறிவிப்புப் பலகைகளில் எல்லாம் பழைய கதை. இந்த மாவட்டத்துக்காரரான வால்ட்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பினத்தவர், செய்யாத கொலைக்காகத் தண்டிக்கப்பட்டு, மரண தண்டனைக் கைதியாகக் கிடந்து, 1993இல்தான் வெளியே வந்தார். முதலில் அவர் மேல் ஊராரின் கண் பட்டதற்கு ஒரு வெள்ளைப் பெண்ணுடனான உறவும் காரணம். இனம் கடந்த திருமணத்துக்கான தடையை உச்ச நீதிமன்றம் 1967லேயே செல்லாதது என்றது. அலபாமா தன் அரசியல் சட்டத்திலிருந்து அந்த வாசகத்தை நீக்கியது 2000இல். அதிலும் பத்தில் நான்கு பேர் நீக்க வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

நான்காம் நாள்: மான்ட்கோமரி

இன்று அதிகம் எழுத முடியாது. 2018இல் திறந்த நினைவிடம். கும்பல் சேர்ந்து கொன்றவர்களின் பெயர்கள், மாவட்டத்துக்கு ஒன்றாக, எண்ணூறுக்கும் மேற்பட்ட துருப்பிடித்த இரும்புத் தூண்களில். நுழையும்போது தூண்கள் நம் உயரத்துக்கு நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை இறங்கி, அவை தலைக்கு மேலே தொங்குகின்றன. சில இடங்களில் பெயர் தெரியவில்லை என்றே பொறித்திருக்கிறார்கள். வெள்ளைப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினான், கதவைத் தட்டினான் என்று சொல்லிக் கொன்றவையும் இவற்றில் உண்டு. பின்கட்டில் பிள்ளை பெற்றவர்களின் ஊரில்.

அக்கா மகன் வெளியே வந்து புல்லில் உட்கார்ந்துவிட்டான். மதியச் சாப்பாடு பற்றி இருவரும் பேசவில்லை.

ஐந்தாம் நாள்: ஸ்பார்ட்டா, ஜார்ஜியா

மேக்கன் வழியாகக் கிழக்கே வந்தால் ஹேன்காக் மாவட்டம். தலைநகர் ஸ்பார்ட்டா. நடுவில் கம்பீரமான செங்கல் நீதிமன்றம். 1880களில் கட்டியது, 2014இல் எரிந்துபோனது. இரண்டே ஆண்டில் பழைய மாதிரியே எழுப்பிவிட்டார்கள். சுற்றிலும் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன.

எந்த நாவலாசிரியரும் துணிந்து எழுதாத கதை இந்த ஊரில் நடந்தது. டேவிட் டிக்சன் பெரும் பருத்திப் பண்ணையார், உரம் போட்டுச் சாகுபடி செய்வதில் பேர் போனவர். நாற்பது வயதில், தன் தாயின் அடிமையாக இருந்த ஜூலியா என்ற சிறுமியைக் கெடுத்தார். அவளுக்கு அப்போது வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ. 1849இல் பிறந்த பெண் குழந்தை அமாண்டா. குழந்தையைத் தாய்ப்பால் மறந்ததும் பாட்டி தன் அறைக்கு எடுத்துக்கொண்டார். படிப்பு, பியானோ, பட்டுத் துணி எல்லாம் கொடுத்து வளர்த்தார்கள். காகிதத்தில் மட்டும் அந்தக் குழந்தை பாட்டிக்குச் சொந்தமான அடிமை. இதை யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்: இரவில் கதை சொல்லித் தூங்க வைக்கும் பேத்தி, சொத்துப் பட்டியலில் விலையோடு இருக்கிறாள்.

1885இல் டிக்சன் இறந்தார். உயிலைத் திறந்தால் சொத்தின் பெரும்பகுதி அமாண்டாவுக்கு. வெள்ளைச் சொந்தக்காரர்கள் எழுபத்தொன்பது பேர் வழக்குப் போட்டார்கள். ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 1887இல் உயில் செல்லும் என்றது. வழக்கில் சொந்தக்காரர்களின் சங்கடத்தை யோசித்தால் சிரிப்பு வருகிறது. நாற்பது ஆண்டு யாரும் வாய் திறக்காத சங்கதியை, பணத்துக்காக அவர்களே கூண்டில் ஏறி ஊரறியச் சொல்ல வேண்டியதாயிற்று.

அமாண்டா 1892இல் நேத்தன் டூமர் என்பவரை மணந்தார், மறு ஆண்டே இறந்தார். நேத்தன் மறுமணம் செய்துகொண்டு ஒரு பிள்ளையைப் பெற்று, விட்டுவிட்டுப் போனார். அந்தப் பிள்ளைதான் எழுத்தாளர் ஜீன் டூமர். 1921இல் இதே ஸ்பார்ட்டாவில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குத் தற்காலிகத் தலைமை ஆசிரியராக இரண்டு மாதம் வந்தார். அந்த இரண்டு மாதத்திலிருந்துதான் 1923இல் 'கேன்' என்ற நூல் வந்தது. கரும்புக்காடும் செம்மண்ணும் அந்தி வெளிச்சமுமாக, அப்படி ஒரு உரைநடை. அப்பன் விட்டுப்போன ஊருக்குப் பிள்ளை வேலைக்கு வந்து சேர்ந்த கதையை நாவலில் வைத்தால், தற்செயல் அதிகம் என்று நானே மதிப்பெண் குறைத்திருப்பேன்.

நீதிமன்ற வாசல் பெஞ்சில் ஒரு கறுப்பினப் பெரியவர். எங்கிருந்து வருகிறீர்கள் என்று தொடங்கி, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம் என்றேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்படியென்றால் உங்கள் ஊரில் அப்பா யார் என்று ஒளிக்கவே முடியாதே!"

நானும் சிரித்து வைத்தேன். இனிஷியல் இல்லாதவன் என்பது எங்கள் ஊரில் எப்பேர்ப்பட்ட வசவு என்று அவரிடம் சொல்லவில்லை. பண்ணை வீட்டு முகஜாடையோடு எங்கள் தெருவில் வளர்ந்து, வேறொருவரின் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவனைப் பற்றியும் சொல்லவில்லை. ஊர் முழுக்கத் தெரியும். வாத்தியார் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் வரும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவார். ஏன் சொல்லவில்லை என்று இந்த ஓட்டல் அறையில் உட்கார்ந்து யோசிக்கிறேன். அயலூர் ரகசியத்தைக் கிளற ஆயிரம் மைல் வந்தவனுக்கு அவ்வளவுதான் துணிவு போலிருக்கிறது.

ஆறாம் நாள்: கொலம்பியா, தென் கரோலினா

அகஸ்டா வழியாகத் தென் கரோலினா. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இந்த மாநிலத்துச் சீமாட்டி மேரி செஸ்நட் எழுதிய நாட்குறிப்பில் ஒரு கிண்டல் உண்டு: அடுத்த வீடுகளில் உள்ள கலப்பினப் பிள்ளைகளுக்கு அப்பன் யார் என்று இங்குள்ள எல்லாச் சீமாட்டிகளும் சொல்வார்களாம்; தங்கள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் மேகத்திலிருந்து விழுந்தவை.

சட்டமன்ற வளாகத்தில் ஸ்ட்ராம் தர்மண்டின் வெண்கலச் சிலை. இனப்பிரிவினைக்காகவே 1948இல் தனிக் கட்சி கண்டு அதிபர் தேர்தலில் நின்றவர். குடிமை உரிமைகள் மசோதாவை எதிர்த்து 1957இல் செனட்டில் 24 மணி 18 நிமிடம் தனி ஆளாகப் பேசியவர். 2003இல் நூறு வயதில் இறந்தார். அந்த ஆண்டு டிசம்பரில், எஸ்ஸி மே என்ற 78 வயது ஆசிரியை, நான் அவருடைய மகள் என்றார். 1925இல், தர்மண்டுக்கு 22 வயதாக இருக்கும்போது, வீட்டு வேலைக்கு இருந்த கேரி பட்லர் என்ற பதினாறு வயதுக் கறுப்பினப் பெண்ணுக்குப் பிறந்தவர். அப்பா இரகசியமாகச் சந்தித்தார், பணம் கொடுத்தார், கல்லூரிக்கு அனுப்பினார். இந்த முறை கதையில் ஐசக் இல்லை. பேரேட்டின் மறுபக்கத்திலிருந்தவரே பேசினார். குடும்பமும் மறுக்கவில்லை.

சிலையின் பீடத்தில் அவருக்குப் பிள்ளைகள் எத்தனை என்று பொறித்திருந்தார்கள். நான்கு. 2004இல் அதை ஐந்து ஆக்கினார்கள். கிரானைட்டில் அழித்து எழுத முடியாது. பழைய எழுத்தை அடைத்து, மேலே புதிதாக வெட்டியிருக்கிறார்கள். வெயில் சாய்ந்து விழுந்தபோது பார்த்தேன். சுற்றியுள்ள எழுத்துகள் கூர்மையாக நிற்க, அந்த ஒரு சொல் மட்டும் கலங்கியிருக்கிறது. விரலை வைத்துத் தடவினேன். வழவழப்பான கல்லில் அந்த இடம் மட்டும் சொரசொரப்பு.

அக்கா மகன் குனிந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தான். எஸ்ஸி மே என்ற பெயரை மற்ற நான்கு பேருக்கும் கீழே சேர்த்திருக்கிறார்கள்.

"மாமா, இவர்தானே மூத்தவர்?"

"ஆமாம்."

"கடைசியில் போட்டிருக்கிறார்களே."

மேலே இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். பீடத்தில் இடம் இல்லாமல் இல்லை. காரை நிறுத்திய இடத்தில் நேரம் முடிந்துவிடும் என்று அவன் அவசரப்படுத்தினான்.